சிங்கராஜ வனம்: மலை ஏறாமலே அபூர்வப் பறவைகளைப் பார்க்கலாமா?

வெள்ளவத்தை வாசகி ஒருவர் கேட்கிறார்: "எழுபதை நெருங்கும் என் அப்பாவுக்குச் சிங்கராஜ வனத்தின் நீல மாக்பையையும் செம்முகப் பூங்குயிலையும் ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. முழங்கால் வலி இருப்பதால் அவரால் மலை ஏற முடியாது. எந்த மாதத்தில், எந்த வாயில் வழியாகப் போவது நல்லது? அட்டைக்கு என்ன செய்வது?"

அப்பாவைத் தயங்காமல் அழைத்துச் செல்லுங்கள். அவர் பார்க்க விரும்பும் இரண்டு பறவைகளுக்கும் மலை ஏற வேண்டிய அவசியமே இல்லை. சொல்லப்போனால், முலாவெல்ல உச்சியை நோக்கி மூச்சு வாங்க ஏறுகிறவர்களைவிடக் கீழே பாதையில் பொறுமையாக நிற்பவர்களே அதிகப் பறவைகளைப் பார்க்கிறார்கள்.

நீங்கள் போக வேண்டியது இரத்தினபுரி மாவட்டத்தில் கலவானை, வெத்தாகல வழியாகச் செல்லும் குடாவ வாயிலுக்கு. தெனியாயப் பக்கமுள்ள பிட்டதெனிய வாயிலில் ஆறும் அருவிகளும் அழகுதான். ஆனால் அங்கே பாதை கல்லும் வேரும் ஈரமுமாக இருப்பதால் முழங்கால் வலிக்காரருக்கு உகந்ததல்ல. றக்குவானைப் பக்கத்து மோர்னிங்சைட் இன்னும் தொலைவு. குடாவவின் பிரதான பாதையோ அகலமானது, பெரிய ஏற்றமில்லாதது. அதற்கு ஒரு வேடிக்கையான காரணம் உண்டு. 1970களில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக இக்காட்டில் இயந்திரங்களைக் கொண்டு மரம் வெட்டியபோது, மரம் ஏற்றும் லொறிகளுக்காக அமைத்த வீதிதான் இன்று நாம் நடக்கும் பாதை. மக்கள் எதிர்ப்பினால் அந்த வேலை அதே பத்தாண்டின் பிற்பகுதியில் நிறுத்தப்பட்டது. 1988இல் யுனெஸ்கோ இவ்வனத்தை உலக மரபுரிமையாக அறிவித்தது. அனுமதிச்சீட்டு வாங்கும் இடத்திலிருந்து காட்டின் தடுப்புக் கதவு வரையிலான ஏற்றத்துக்கு மட்டும் கிராமத்தில் ஒரு ஜீப்பை வாடகைக்குப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்பாவின் கால்பலத்தை அங்கேயே செலவழித்துவிட வேண்டாம்.

இனி முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். சிங்கராஜவில் பறவைகள் தனித்தனியாகத் தென்படுவது குறைவு. பல இனங்கள் ஒன்று சேர்ந்து, இரை தேடியபடி, கலப்புக் கூட்டமாகக் காட்டை வலம் வருகின்றன. ஒரு கூட்டத்தில் சாதாரணமாகப் பத்துக்கும் மேற்பட்ட இனங்களைச் சேர்ந்த ஏறக்குறைய நாற்பது பறவைகள் இருக்கும். பறவையியலாளர் பேராசிரியர் சரத் கொட்டகம போன்றோர் 1980களிலிருந்து இதே குடாவப் பகுதியில்தான் இக்கூட்டங்களை ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். நம்மூர்த் தவிட்டுக்குருவிக்கு உறவான, செம்மஞ்சள் அலகுடைய சிலம்பன்கள் இலைகளைக் கிளறிக்கொண்டு ஓயாமல் சலசலத்தபடி முன்னே வரும். அவை கிளப்பிவிடும் பூச்சிகளைப் பறந்து பிடிப்பதற்காகவே கொண்டைக் கரிச்சான் கூட வரும். பருந்து முதலான ஆபத்து தெரிந்தால் தன் குரலோடு மற்றப் பறவைகளின் அபாயக் குரல்களையும் சேர்த்துப் பாடிக் காட்டுகிற கெட்டிக்காரப் பறவை அது.

ஆகவே அப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது கண்ணால் தேடுவதை அல்ல, காதால் காத்திருப்பதை. அரை மணி நேரம் காடு வெறிச்சோடிக் கிடக்கும். இலைகளிலிருந்து நீர் சொட்டும் ஓசை தவிர வேறொன்றும் இராது. பிறகு எங்கோ சிலம்பன்களின் சலசலப்பு கேட்கும், அது நெருங்கும், சட்டென்று எல்லாக் கிளைகளும் அசையத் தொடங்கும். அப்போது கீழே துள்ளும் சிலம்பன்களில் மயங்கிவிடாமல் மர உச்சிகளைப் பாருங்கள். கொடிகள் பின்னிய இடத்தில், கரும்பச்சை உடலும் வெண்ணிற வயிறும் நீண்ட வாலுமாக ஒரு பறவை அணிலைப்போல் கிளைமேல் ஓடினால், அதன் முகம் திரும்பும் வரை பொறுத்திருங்கள். குங்குமம் அப்பியதுபோன்ற சிவப்பு தெரிந்தால் அதுவே செம்முகப் பூங்குயில். நீல மாக்பை இதைவிடத் தாராளமானது. செந்நிற அலகும் பழுப்புத் தலையும் நீல உடலுமாக, சில வேளைகளில் ஆட்கள் நடமாடும் இடத்துக்கே வந்து அமரும்.

காலத்தைப் பொறுத்தவரை ஜனவரி இறுதியிலிருந்து மார்ச் வரை மிகச் சிறந்தது. ஆகஸ்ட் விடுமுறைதான் வசதி என்றால் அதுவும் பரவாயில்லை. மே முதல் ஜூலை வரையும், ஒக்டோபர், நவம்பரிலும் மழை கடுமை. ஆண்டின் தொடக்கத்தில் போவதில் இன்னொரு இலாபமும் உண்டு. இந்தியாவிலிருந்து வலசை வரும் ஆறுமணிக்குருவியையும் பாதையோரத்தில் காண வாய்ப்பிருக்கிறது. எக்காலத்திலும் முதல் நாள் இரவே குடாவவில் தங்கிவிடுங்கள். கொழும்பிலிருந்து விடியலில் புறப்பட்டால், நீங்கள் போய்ச் சேர்வதற்குள் பறவைகளின் சுறுசுறுப்பான நேரம் கழிந்துவிடும்.

அட்டை இருக்கும், இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நெருக்கமாக நெய்த துணியாலான அட்டைக் காலுறையை முழங்கால் வரை இழுத்து, காற்சட்டையை அதற்குள் செருகிச் சப்பாத்து அணிந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். கடித்துவிட்டால் பிடித்து இழுக்காமல், நகத்தைத் தோலோடு ஒட்டி வைத்து, மெல்லிய முனையிலிருந்து வழித்து எடுக்க வேண்டும். அட்டையின் உமிழ்நீர் இரத்தத்தை உறையவிடாது. வலியே இல்லாமல் நெடுநேரம் கசியும். சுத்தமான துணியால் அழுத்திக் கட்டினால் நின்றுவிடும். அப்பா இரத்தம் உறையாதிருக்க மாத்திரை எடுப்பவராக இருந்தால் மட்டும், புறப்படும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஒருமுறை எனக்கு வாய்த்த வழிகாட்டி, அருவியைக் காட்டிவிட வேண்டும் என்ற அவசரத்தில் இரண்டு பறவைக் கூட்டங்களைக் கடந்து என்னை இழுத்துச் சென்றார். எனவே புறப்படும் முன்பே, "எங்களுக்கு அருவி வேண்டாம், உச்சி வேண்டாம், நின்று நின்று போவோம்" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கைபேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதாக அவர் சொன்னால் மறுத்துவிடுங்கள். எல்லை காக்கும் பறவையை அது வீணாக அலைக்கழிக்கும்.

மழைக்கோட்டைவிடக் கறுப்புக் குடையே மேல். கோட்டு சரசரக்கும், உள்ளே வியர்த்தும் கொட்டும். காட்டுக்குள் வெளிச்சம் குறைவு என்பதால் 8×42 அளவுள்ள (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் வில்லை 42 மில்லிமீற்றர் அகலமான) தொலைநோக்கி வசதியாக இருக்கும். மடக்கக்கூடிய சிறு முக்காலி ஒன்றை நீங்களே தூக்கிச் செல்லுங்கள். பாதையின் ஒரு பக்கம் சரிவாக இறங்கும் வளைவுகளில் அதைப் போட்டு, அப்பாவைச் சரிவை நோக்கி உட்கார வையுங்கள். கீழே வளர்ந்த மரங்களின் உச்சி அங்கே அவர் கண்மட்டத்துக்கு வந்துவிடும், கழுத்தை அண்ணாந்து வருத்தவும் வேண்டியிராது.