முதல் பிசிடி வாங்கும்போது காற்றுப்பைக்கு முன் வாரைப் பாருங்கள்

கேள்வி: ஸ்கூபா டைவிங்கில் ஓபன் வாட்டர் என்னும் தொடக்கநிலைப் பயிற்சியை முடித்துவிட்டுச் சில டைவ்கள் போயிருக்கிறேன். வெதுவெதுப்பான கடலில், 3 மி.மீ. வெட்சூட்டோடு (குளிரைத் தடுக்கும் நுரைரப்பர் உடை), பெரும்பாலும் 18 மீட்டருக்குள்தான் இறங்குவேன். சொந்தமாக ஒரு பிசிடி (சிலிண்டரைத் தாங்கி, காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்ய உதவும் மேலங்கி) வாங்க ஆசை. நான் ஒல்லியான ஆள். வாடகை ஜாக்கெட்டில் காற்றை ஏற்றினால் அது காது வரைக்கும் ஏறிவிடுகிறது. தூக்குத்திறன், அதாவது காற்றேற்றிய பிசிடி எத்தனை கிலோவைத் தாங்கி மிதக்கும் என்பது, எவ்வளவு அதிகமோ அவ்வளவு பாதுகாப்பு என்கிறார் கடைக்காரர். கூட டைவ் செய்யும் நண்பரோ, பேக்பிளேட்டும் (முதுகுத் தகடு) விங்கும் (அதில் பொருத்தும் காற்றுப்பை) தவிர வேறு எதையும் தொடாதே என்கிறார். எதை வாங்குவது?

பதில்: கடைக்காரரும் நண்பரும் இருக்கட்டும். வாங்க வேண்டியது எது என்பதைக் காது வரை ஏறும் அந்த ஜாக்கெட்டே பாதி சொல்லிவிட்டது. அது உங்களுக்குப் பெரிய அளவு. உடம்போடு ஒட்டாத பிசிடியில் எவ்வளவு காற்று அடைத்தாலும் முதலில் ஜாக்கெட்தான் மேலே போகும், நீங்கள் அதற்குள் தொங்கிக்கொண்டிருப்பீர்கள். சிலிண்டர் ஒரு பக்கம் சாயும், நீங்கள் மறுபக்கம் சமாளிப்பீர்கள்.

தூக்குத்திறனுக்கு வருவோம். இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பிசிடி இரண்டு விஷயங்களுக்கு ஈடுகொடுக்க வேண்டும். ஒன்று, சிலிண்டரில் இருக்கும் காற்றின் எடை. 11 லிட்டர் அலுமினிய சிலிண்டரை 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பினால் உள்ளே இருக்கும் காற்று மட்டும் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. டைவ் முடியும்போது அதில் பெரும்பகுதி தீர்ந்துபோயிருக்கும். ஆகவே முடிவில் சரியாக நிற்பதற்கு ஏற்ப, அமிழ்வதற்கான ஈயக் கட்டிகளைக் கட்டினால், தொடக்கத்தில் அந்த அளவுக்குக் கனமாகத்தான் இருப்பீர்கள். இரண்டாவது, வெட்சூட் ஆழத்தில் இழக்கும் மிதப்பு. அதன் நியோப்ரீன் என்னும் நுரைரப்பரில் இருக்கும் குமிழ்கள் 10 மீட்டரில் பாதியாக நசுங்கும், 30 மீட்டரில் கால்வாசிதான் மிஞ்சும். 3 மி.மீ. சூட்டில் இந்த இழப்பு இரண்டு கிலோவுக்குப் பக்கத்தில்தான் வரும். இரண்டையும் கூட்டினால் 5 கிலோவுக்குள்தான்.

இன்னொரு தேவையும் உண்டு. நீர்மட்டத்தில் பிசிடியைக் கழற்றிப் படகில் இருப்பவரிடம் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். நிறைந்த சிலிண்டர், அதிலிருந்து மூச்சு இழுக்க உதவும் ரெகுலேட்டர், பைகளில் இருக்கும் ஈயம் எல்லாவற்றோடும் அது தானாக மிதக்க வேண்டும். அதற்கு 6, 7 கிலோ போதும். ஆக, உங்கள் வகை டைவிங்குக்கு 10 முதல் 14 கிலோ வரை தூக்கும் பிசிடியே தாராளம். கனமான சூட், குளிர்நீர், நீர் புகாத டிரைசூட் என்று போனால்தான் இந்தக் கணக்கு மாறும். பிசிடியின் விவர அட்டவணையில் தூக்குத்திறனைப் பவுண்டு அல்லது நியூட்டனில் போட்டிருந்தால் குழம்ப வேண்டாம்: 2.2 பவுண்டு ஒரு கிலோ, 10 நியூட்டனும் கிட்டத்தட்ட ஒரு கிலோதான்.

அதற்கு மேல் இருந்தால் என்ன கெட்டுவிடும்? பெரிய பையில் கொஞ்சம் காற்று இருந்தால் அது ஓர் இடத்தில் நிற்காது. குறைகுடம் தளும்பும் என்பது இங்கே காற்றுக்கும் பொருந்தும். நீங்கள் திரும்பும் பக்கமெல்லாம் குமிழ் ஓடும், உடம்பும் கூடவே சாயும். பிசிடிக்குள் காற்றை ஏற்றும் இன்ஃப்ளேட்டரின் பட்டன் சிக்கிக்கொண்டு காற்று தானாக ஏறத் தொடங்கினால், பெரிய பை உங்களை இன்னும் வேகமாக மேலே இழுக்கும். ‘பாதுகாப்பு’ என்ற சொல்லை வைத்து விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. இன்னொன்று, பிசிடி உயிர்காக்கும் மிதவை அல்ல. மயங்கிவிட்டவரை முகம் மேலே பார்க்கத் திருப்பிப் போடும் என்று அதை நம்பவே கூடாது, தூக்குத்திறன் எவ்வளவு இருந்தாலும் சரி.

வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது: உங்கள் ஈயத்தைச் சரிபாருங்கள். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தேவைக்கு மேல் கட்டியிருப்பார்கள். பயிற்சியாளர்களும் மாணவர் மேலே மிதந்து போய்விடாமல் இருக்கட்டும் என்று ஒன்றிரண்டு கிலோ கூடவே போட்டுவிடுவார்கள். டைவ் முடிந்து சிலிண்டரில் 50 பார் இருக்கும்போது, நீர்மட்டத்தில் பிசிடியை முழுக்கக் காலி செய்து, ரெகுலேட்டர் வாயில் இருக்க, சாதாரணமாக ஒரு மூச்சு இழுத்து அசையாமல் நில்லுங்கள். நீர் உங்கள் கண்மட்டத்தில் நிற்க வேண்டும், மூச்சை விட்டால் மெதுவாக அமிழ வேண்டும். கல் மாதிரி போனால் ஈயம் அதிகம்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? தேவைக்கு மேல் கட்டிய ஒவ்வொரு கிலோவுக்கும் பிசிடியில் ஒரு லிட்டர் காற்று கூட வேண்டும். நான்கு கிலோ அதிகம் என்றால் 10 மீட்டரில் நான்கு லிட்டர் காற்றைச் சும்மா சுமக்கிறீர்கள். மேலேறும் வழியில் சில நிமிடம் நிற்கும் பாதுகாப்பு நிறுத்தத்துக்காக 5 மீட்டருக்கு வரும்போது அது 5.3 லிட்டராக விரியும். அந்த ஒன்றேகால் கிலோ மிதப்பு உங்களைக் கேட்காமலே மேலே தள்ளும். 5 மீட்டரில் நிற்க முடியவில்லை, நல்ல பிசிடி வாங்கினால் சரியாகிவிடுமா என்று கேட்பவர்களில் பலருக்கு வேண்டியது பிசிடி அல்ல, இரண்டு கிலோ குறைவான பெல்ட்.

சரி, எந்த வகை? ஜாக்கெட் வகையில் காற்று பக்கவாட்டிலும் விலாவைச் சுற்றியும் நிற்கும். நீர்மட்டத்தில் நிமிர்ந்து மிதக்க வசதி, ஆனால் நிறைய ஏற்றினால் நெஞ்சை இறுக்கும். காற்றுப்பை முழுக்க முதுகுப் பக்கம் இருக்கும் வகையில் நெஞ்சு விடுதலையாக இருக்கும், நீருக்கடியில் உடம்பு கிடையாக நிற்பதும் எளிது. இதன்மேல் வழக்கமாகச் சொல்லப்படும் குறை, நீர்மட்டத்தில் முகத்தை முன்னால் தள்ளுகிறது என்பது. உண்மைதான், ஆனால் பையை முட்ட நிரப்பும்போதுதான். தேவையான அளவு மட்டும் ஏற்றி, நாற்காலியில் சாய்வதுபோல் பின்னால் சாய்ந்தால் தொல்லை தீரும். ஈயத்தில் கொஞ்சத்தைச் சிலிண்டர் வார் பக்கம் மாற்றினால் இன்னும் நல்லது.

நண்பர் சொல்லும் பேக்பிளேட், ஒல்லியானவர்களுக்கு ஒருவகையில் மிகப் பொருத்தம். ஸ்மால், மீடியம் என்ற பேச்சே இல்லை, வாரை உங்கள் தோளுக்கும் இடுப்புக்கும் நீங்களே வெட்டி அமைத்துக்கொள்ளலாம். கால்களுக்கிடையே போகும் வார் இருப்பதால் காது வரைக்கும் ஏறும் பிரச்சினையும் போய்விடும். ஆனால் எஃகுத் தகடு மட்டுமே இரண்டரை, மூன்று கிலோ வரும். உங்களுக்கு மொத்தமே நான்கு கிலோதான் தேவை என்றால், அவசரத்தில் கழற்றிவிட ஒரு கிலோதான் மிஞ்சும். ஆகவே இந்த வழியில் போனால் அலுமினியத் தகடு அல்லது துணித் தகடு பாருங்கள். ஆரம்பத்தில் அந்த வாரிலிருந்து வெளியே வருவதற்குள் கொஞ்சம் எரிச்சலாக இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

என் யோசனை: முதுகுப் பக்கக் காற்றுப்பை உள்ள சிறிய அளவு ஒன்று, அல்லது லேசான தகட்டோடு சிறிய விங். இரண்டையும் வாடகைக்கு எடுத்து ஒருமுறை இறங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சரியான அளவில் ஜாக்கெட் கிடைத்து, அதுதான் பிடித்திருக்கிறது என்றால் அதுவும் தப்பில்லை.

கடைக்குப் போகும்போது வெட்சூட்டைக் கையோடு கொண்டுபோங்கள். அதைப் போட்டுக்கொண்டு, சிலிண்டர் மாட்டிய பிசிடியை அணிந்து எல்லா வாரையும் இழுத்துக் கட்டுங்கள். அதிகக் காற்றை வெளியேற்றும் வால்வு சீறும் வரை ஏற்றச் சொல்லுங்கள். இப்போது ஆழமாக மூச்சு இழுக்க முடிகிறதா? பின்னால் ஒருவரை நிறுத்தி, சிலிண்டரின் கழுத்தைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். நான்கு விரற்கடைக்கு மேல் நகர்ந்தால் அந்த அளவு உங்களுக்கு ஆகாது. தோள் வாரைக் கடைசி வரை இழுத்த பிறகுதான் பிடிக்கிறது என்றாலும் அப்படியே. தலையைப் பின்னால் சாய்த்தால் சிலிண்டர் வால்வில் இடிக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து, கண்ணை மூடிக்கொண்டு காற்றை வெளியேற்றும் வால்வுகளின் கயிறுகளைத் தேடுங்கள். தோளில் ஒன்று, இடுப்புக்குப் பின்னால் ஒன்று. தலைகீழாக இருக்கும்போது பின்னால் இருப்பதுதான் உதவும், அதனால் இரண்டும் வேண்டும். இன்ஃப்ளேட்டரின் குழாயை ஒரே கையால் பிடுங்க முடிகிறதா என்றும் பாருங்கள், பட்டன் சிக்கிக் காற்று ஏறும்போது செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான். அவசரத்துக்கான மாற்று ரெகுலேட்டரும் இன்ஃப்ளேட்டரும் ஒரே கருவியாக வருபவை இப்போதைக்கு வேண்டாம். மேலே வரும்போது அதிலேயே மூச்சும் விட்டு, அதன் வழியாகவே காற்றையும் வெளியேற்றுவது புதியவருக்குச் சிரமம். ஈயப் பைகள் பிசிடியோடு சேர்ந்தே வந்தால், ஈயத்தை நிரப்பிய பிறகு ஒரே இழுப்பில் வருகிறதா என்று பாருங்கள். மற்றபடி எத்தனை பாக்கெட், எத்தனை வளையம், என்ன நிறம் என்பதெல்லாம் உங்கள் விருப்பம்.

பழையது வாங்குவதாக இருந்தால், நன்றாகக் காற்றேற்றி ஓர் இரவு வைத்துப் பார்க்கச் சம்மதிப்பவரிடம் மட்டும் வாங்குங்கள். காலையில் தளர்ந்திருந்தால், வால்வுகளின் மேல் சோப்பு நீரைத் தடவினால் எங்கே கசிகிறது என்று தெரிந்துவிடும். வால்வில் என்றால் சர்வீஸில் மாற்றிவிடலாம், பையின் தையலில் என்றால் விட்டுவிடுங்கள். பையைக் குலுக்கும்போது உள்ளே உப்புத்துகள் சலசலத்தால், அதை யாரும் உட்புறம் கழுவியதே இல்லை என்று அர்த்தம்.