கேள்வி பதில்: நம்பர் 1ல ஆரம்பிச்சு மார்ச்ல வீட்ல உக்காந்த நார்த் கரோலினா (2022-23)

காலேஜ் பாஸ்கெட்பால் பத்தி, குறிப்பா நம்ம டார் ஹீல்ஸோட (நார்த் கரோலினா யுனிவர்சிட்டி டீமோட செல்லப் பேர்) அந்த 2022-23 சீசன் பத்தி யார் வேணா கேளுங்கன்னு சொல்லிருந்தேன், கேரி, மோரிஸ்வில் பக்கம் இருக்குற நம்மாளுங்களே நிறைய பேர் கேட்டிருக்கீங்க, ஊர்ல இருந்தும் சில பேர். தெரிஞ்சதுக்கு பதில் சொல்றேன், தெரியாததை விட்டுடுறேன்.

அண்ணே, நான் கிரிக்கெட் மட்டும் பாக்குறவன். ஒரு டீம் 20 மேட்ச் ஜெயிச்சிருக்கு, 13 தான் தோத்திருக்கு, அதுக்கு ஏன் எல்லாரும் சாவு வீடு மாதிரி பேசுறீங்க?

தம்பி, நல்ல கேள்வி. 20-13ன்னா சாதாரண காலேஜுக்கு நல்ல வருஷம் தான். ஆனா சீசன் ஆரம்பிக்கும்போது ஏபி ஓட்டெடுப்புல (பத்திரிகையாளர்கள் ஓட்டு போட்டு டாப் 25 டீமை வரிசைப்படுத்துறது) நார்த் கரோலினா தான் நாட்டுலயே நம்பர் 1. மார்ச் மாசம் நடக்குற என்சிஏஏ டோர்னமென்ட்ல (காலேஜ் டீம்களோட தேசிய பட்டத்துக்கான போட்டி) அந்த வருஷம் 68 டீம் விளையாடுச்சு, அதுல கூட இடம் கிடைக்கல. 1985ல டோர்னமென்ட்டை 64 டீமா பெருசாக்குனதுக்கு அப்புறம், நம்பர் 1னு ஆரம்பிச்சு டோர்னமென்ட்டுக்கே போகாத மொத டீம் இது தான். மைக்கேல் ஜோர்டான் விளையாடுன காலேஜ், ஆறு என்சிஏஏ பட்டம் (1957, 82, 93, 2005, 2009, 2017). அதனால தான் அந்த பேச்சு.

நம்ம பிளேயர் கேலப் லவ் கண்டபடி ஷாட் அடிச்சது தானே காரணம்? ஒரே வரில சொல்லுங்க ப்ரோ.

ஒரே வரில சொன்னா பொய் ஆகிடும், கொஞ்சம் நீட்டி சொல்றேன், ஏன்னா எல்லா கேள்வியும் சுத்தி சுத்தி இங்க தான் வந்து நிக்குது.

2022 ஏப்ரல்ல என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கும். பழைய கோச் ராய் வில்லியம்ஸ் ரிட்டயர் ஆகி புது கோச் ஹூபர்ட் டேவிஸுக்கு மொத வருஷம், எட்டாவது சீடா (டோர்னமென்ட்ல டீமுக்கு தர்ற வரிசை எண்) உள்ள போயி, நியூ ஆர்லியன்ஸ்ல ஃபைனல் ஃபோர்ல (செமிஃபைனல்) டியூக்கை 81-77னு ஜெயிச்சோம், டியூக் கோச் கே-யோட கடைசி மேட்ச் அது, ஃபைனல்ல கேன்சஸ் கிட்ட பாதி ஆட்டத்துல 40-25னு லீட்ல இருந்து 72-69ல தோத்தோம். மேட்சை ஆரம்பிக்கிற அந்த அஞ்சு பேர்ல நாலு பேர் திரும்பி வந்தாங்க: லவ், ஆர்ஜே டேவிஸ், லீக்கி பிளாக், அர்மாண்டோ பேகாட். போனது ஒருத்தர் தான், பிரேடி மானெக். எல்லாரும் "அஞ்சுல நாலு இருக்கு, போதும்"னு நம்பர் 1 ஓட்டு போட்டுட்டாங்க.

போன அந்த ஒருத்தர் தான் மொத்த ஆட்டத்தையும் தாங்கி நின்னவர்னு யாரும் கணக்குல எடுக்கல. மானெக் உயரமான ஆளு, ஆனா வெளிய நின்னு 40% த்ரீ (தூரத்துல இருந்து போடுற மூணு பாயிண்ட் ஷாட்) போடுவாரு. அவரை கார்டு பண்ண (மறிக்க) எதிர் டீமோட பெரிய ஆளும் வெளிய வரணும், அப்ப உள்ள பேகாட் ஒருத்தனோட ஒருத்தனா மோதுவான், லவ்வுக்கும் ஆர்ஜேவுக்கும் கூடை வரைக்கும் வழி திறந்து கிடக்கும். நம்பலைன்னா அதே 2022 டோர்னமென்ட்ல பெய்லர் மேட்சை எடுத்துப் பாருங்க. 67-42, இருபத்தஞ்சு பாயிண்ட் லீட், பத்து நிமிஷம் தான் பாக்கி, மானெக் முழங்கையால இடிச்சார்னு வெளிய அனுப்புறாங்க. அந்த 25 பாயிண்ட்டும் கரைஞ்சு மேட்ச் ஓவர்டைமுக்கு (சமமா முடிஞ்சா ஆடுற கூடுதல் நேரம்) போச்சு. கடைசில 93-86னு ஜெயிச்சோம், ஆனா அவர் இல்லாத பத்து நிமிஷம் எப்படி இருந்துச்சோ அடுத்த வருஷம் முழுக்க அப்படி தான் இருந்துச்சு.

அவர் இடத்துக்கு நார்த்வெஸ்டர்ன்ல இருந்து பீட் நான்ஸ் வந்தாரு. நல்ல பிளேயர், பந்து கைமாத்துவாரு, ஆனா த்ரீ அந்த அளவுக்கு விழல. எதிர் டீம் எல்லாம் அஞ்சு பேரையும் பெயிண்ட்டுக்குள்ள (கூடைக்கு கீழ இருக்குற கட்டம்) அடைச்சு வச்சுட்டாங்க, லீக்கியோட ஆளு லீக்கியை விட்டுட்டு பேகாட் மடில வந்து நிப்பான், ஸ்கிரீன் போட்டா (கார்டு பண்றவனை நம்மாளு மறிச்சு நின்னா) அடியில புகுந்து போவாங்க, "போடு பாக்கலாம்"னு விட்டுட்டாங்க. டீம் மொத்தமா த்ரீல 31% பக்கம் தான். லவ் 30% கூட தொடல. பந்து நகரல, அசிஸ்ட் (கூடை விழ உதவுற பாஸ்) கணக்குல நாட்டுலயே கீழ் வரிசை. இவ்ளோ அடைசல்ல லவ் மோசமான ஷாட் எடுத்தாரா? எடுத்தாரு. வேற நல்ல ஷாட் அங்க இருந்துச்சா? பல நேரம் இல்ல.

ஹூபர்ட் டேவிஸை அந்த வருஷமே தூக்கியிருக்கணுமா?

கூடாது. அடுத்த வருஷம் 29-8, ஏசிசில (நம்ம லீக்) 17-3னு மொத இடம், டோர்னமென்ட்ல மொத சீடு. ஆனா பெஞ்ச்ல இருந்தவங்களை அவர் நம்பாதது பெரிய தப்பு, அதை கீழ ராலே அண்ணனுக்கு பதில் சொல்லும்போது சொல்றேன்.

சீசன் எந்த மேட்ச்ல கை நழுவிச்சுன்னு நினைக்கிறீங்க? (மோரிஸ்வில் அக்கா)

அக்கா, எனக்கு 2022 நவம்பர் 27, போர்ட்லாண்ட், அலபாமா. ரெண்டு நாள் முன்னாடி அயோவா ஸ்டேட் கிட்ட 70-65 தோத்திருந்தோம். இது நாலு ஓவர்டைம். 103-101. லவ் 34 பாயிண்ட், ஆனா அதுக்கு 36 ஷாட், 13 தான் உள்ள போச்சு. மூணாவது ஓவர்டைம் வரும்போது பசங்க கால் தூக்க முடியாம நிக்கிறது டிவிலயே தெரியுது, இருந்தாலும் அதே ஆளுங்க தான் கோர்ட்ல. அங்க இருந்து வந்த மூணாம் நாளே இண்டியானா, 77-65. அடுத்து வர்ஜீனியா டெக். வரிசையா நாலு தோல்வி. நம்பர் 1 டீம் ரெண்டே வாரத்துல 25க்கு வெளிய.

அப்புறம் பிட் (பிட்ஸ்பர்க் யுனிவர்சிட்டி) கிட்ட ரெண்டு தடவை, 76-74, 65-64. மூணு பாயிண்ட்ல ரெண்டு தோல்வி. டியூக் கிட்ட 63-57, 62-57. ஒரு மேட்ச் கூட கடைசில கைக்கு வரல, கூட்டிப் பாத்தா வயிறு எரியுது.

குவாட் 1, குவாட் 2ன்னு சொல்றாங்களே, அது என்ன சார்?

எதிர் டீமோட ரேங்கும் எங்க விளையாடுனீங்கங்கறதும் சேர்ந்த கணக்கு. நெட் ரேங்கிங்ல (என்சிஏஏ போடுற டீம் வரிசை) 1-30 டீமை சொந்த ஊர்ல, 1-50 டீமை பொது இடத்துல, 1-75 டீமை அவங்க ஊர்ல சந்திச்சா அது குவாட் 1 மேட்ச். டோர்னமென்ட்டுக்கு டீம் தேர்ந்தெடுக்குற கமிட்டி மொதல்ல பாக்குறது இதைத் தான். நம்ம கணக்கு 1-9, ஒரு வெற்றி, ஒம்பது தோல்வி. அந்த ஒண்ணு பிப்ரவரி 25, வர்ஜீனியாவை 71-63. அன்னைக்கு நான்ஸ் 22 பாயிண்ட் அடிச்சாரு. மானெக் நின்ன அந்த இடத்துல நிக்கிற பெரிய ஆளுக்கு ஷாட் விழுந்தா டீம் எப்படி இருக்கும்னு அந்த ஒரு மேட்ச் காட்டிடுச்சு.

இன்னொண்ணு, இந்த ரேங்க் சீசன் முழுக்க மாறிக்கிட்டே இருக்கும். டிசம்பர்ல நியூயார்க்ல ஓஹையோ ஸ்டேட்டை ஜெயிச்சப்ப அவங்க டாப் 25ல இருந்தாங்க, பெரிய வெற்றின்னு குதிச்சோம். அவங்க 16-19ல முடிச்சாங்க, நம்ம வெற்றியும் மதிப்பிழந்து போச்சு.

லவ் போனதால தானே அடுத்த வருஷம் ஜெயிச்சோம்? அப்ப அவர் தானே பிரச்சனை?

மேல எழுதிட்டேன். ஒண்ணு மட்டும் சேர்க்குறேன்: லவ் அரிசோனா போனாரு, அதே 2023-24ல பேக்-12 (அரிசோனா ஆடுன லீக்) பிளேயர் ஆஃப் த இயர். ஆர்ஜே இங்கயே இருந்தாரு, ஏசிசி பிளேயர் ஆஃப் த இயர். ரெண்டு பேரும் பிரிஞ்சு ரெண்டு பேரும் ஜெயிச்சாங்கன்னா தப்பு ஆள்ல இல்ல, பொருத்தத்துல.

என் பையனுக்கு சேப்பல் ஹில்ல (நார்த் கரோலினா யுனிவர்சிட்டி இருக்குற ஊர்) அட்மிஷன் கிடைக்க என்ன மார்க் வேணும்?

இது என் ஏரியா இல்ல சார், யுனிவர்சிட்டி அட்மிஷன் ஆஃபீஸ்ல கேளுங்க.

டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் காலேஜ் விளையாட்டை அழிச்சிடுச்சுன்னு சொல்றாங்க, உங்க கருத்து?

வேற காலேஜுக்கு மாற நினைக்குற பிளேயர் பேர் கொடுக்குற பட்டியல் தான் போர்ட்டல். இதே போர்ட்டல் தான் மானெக்கை ஓக்லஹோமால இருந்து நமக்கு கொடுத்துச்சு. அடுத்து ஹாரிசன் இங்கிரம், கார்மக் ரையன்னு கொடுத்துச்சு. ஜெயிக்கும்போது இனிக்குது, போகும்போது கசக்குதுன்னா அது நியாயம் இல்ல.

என்ஐடி கூப்பிட்டும் போகாதது கேவலம்னு நீங்க முன்னாடி சொன்னீங்க. அதை நான் ஒத்துக்கல. (ராலே அண்ணன்)

வாங்க அண்ணே, எதிர்பார்த்தேன். கேவலம்ங்கற வார்த்தை என்னோடது இல்ல, தப்புன்னு சொன்னேன், இப்பவும் சொல்றேன். மத்தவங்களுக்கு: என்சிஏஏல இடம் கிடைக்காத டீம்களுக்கு என்ஐடின்னு தனி டோர்னமென்ட், 32 டீம். நார்த் கரோலினா வேணாம்னு சொல்லிடுச்சு.

2009-10ஐ பாருங்க. 2009ல சாம்பியன், அடுத்த வருஷம் 20-17ல கவுந்தாங்க. ராய் வில்லியம்ஸ் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு என்ஐடிக்கு போனாரா இல்லையா? ஃபைனல் வரைக்கும் போயி டேட்டன் கிட்ட தோத்தாங்க. ஜான் ஹென்சன், டைலர் செல்லர் எல்லாம் அங்க நிமிஷம் சேர்த்தாங்க. அடுத்த வருஷம் 29-8, எலீட் எய்ட் (என்சிஏஏ டோர்னமென்ட்ல கடைசி எட்டு டீம்). 2023ல சேத் டிரிம்பிள், ஜேலன் வாஷிங்டன் மாதிரி சின்ன பசங்க வருஷம் பூரா பெஞ்ச்ல காய்ஞ்சாங்க. அவங்களுக்கு அது தான் வாய்ப்பு.

2010ல போர்ட்டல் இல்ல தம்பி. 2023ல போர்ட்டல் திறந்தது மார்ச் 13, என்ஐடி ஆரம்பிச்சது மார்ச் 14. பாதி டீம் கிளம்ப ரெடியா இருக்கும்போது யாரை வச்சு விளையாடுவாங்க?

அண்ணே, இது வலுவான பாயிண்ட், ஒத்துக்குறேன். 7 பேர் கிளம்புனாங்க. ஆனா அந்த 7 பேர்ல பல பேர் ஏன் கிளம்புனாங்க? விளையாட விடாததால. ஸ்டைல்ஸ், நிக்கல், டன் எல்லாம் மாசக்கணக்குல பெஞ்ச்ல. "உனக்கு இனிமே இருபது நிமிஷம், என்ஐடில காட்டு"ன்னு மார்ச்ல சொல்லியிருந்தா ஒண்ணு ரெண்டு பேராவது நின்னிருப்பாங்கன்னு நான் நம்புறேன்.

பேகாட் அந்த வருஷம் கணுக்கால் காயத்தோட கஷ்டப்பட்டாரு. ஜனவரில வர்ஜீனியா மேட்ச்ல ஆரம்பத்துலயே சுளுக்கி வெளிய போனாரு. அவரை இன்னும் ஓட விடணுமா, ஒரு ஆறுதல் பரிசுக்கு?

பேகாட்டை உக்கார வைங்க அண்ணே, யார் வேணாம்னா? அவர் அந்த சீசன்லயே பழைய பிளேயர் ஹான்ஸ்ப்ரோவை தாண்டி நம்ம காலேஜோட ரீபவுண்ட் (கூடையில விழாம திரும்புற பந்தை புடிக்கிறது) ரெக்கார்ட் எடுத்தாச்சு, அவர் யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்ல. வாஷிங்டனை இறக்குங்க. நான் சொல்றது அது தான், என்ஐடி ஜெயிக்க இல்ல, அடுத்த டீமை பாக்க. அதோட லீக்கி மாதிரி அஞ்சு வருஷம் அந்த ஜெர்ஸி போட்ட ஆளுக்கு கிரீன்ஸ்போரோல நடந்த ஏசிசி டோர்னமென்ட்ல வர்ஜீனியா கிட்ட 68-59 தோத்தது கடைசி மேட்ச்னு முடிஞ்சிருக்க வேணாம்.

பெரிய டீமுக்கு ஒரு கௌரவம் இருக்கு. சின்ன டோர்னமென்ட்ல போயி நிக்கிறது அழகில்ல.

இங்க தான் நான் உங்களோட சேரவே மாட்டேன். கௌரவம்ங்கறது கூப்பிட்ட இடத்துல போயி விளையாடுறதுல இருக்கு. டிக்கெட் வாங்குன பிள்ளைங்களுக்கு இன்னொரு மேட்ச் கொடுக்குறதுல இருக்கு. சரி, நாம ரெண்டு பேரும் நேர்ல சந்திக்கும்போது தொடரலாம், மத்தவங்க கேள்வி நிக்குது.

லவ் மட்டும் இல்லாம இருந்திருந்தா அந்த வருஷம்...

மேல ரெண்டு தடவை எழுதியாச்சு, படிங்க ப்ளீஸ்.

வர்ற சீசன் பிரீசீசன் ரேங்கிங்கை வச்சு கொஞ்சம் பெட் கட்டலாமா? இப்ப இங்க சட்டப்படி ஓகே தானே?

2024 மார்ச்ல இருந்து நார்த் கரோலினால சட்டப்படி சரி தான், ஆனா வேணாம்பா. பிரீசீசன் ரேங்கிங்னா போன மார்ச்ல நடந்ததோட எதிரொலி. 2022 பிப்ரவரி 16, பிட் கிட்ட சொந்த ஊர்ல தோத்து 18-8ல இருந்த டீம் நம்மளோடது, அதுக்கு முன்னாடி கென்டக்கி 29 பாயிண்ட்ல, மயாமி 28 பாயிண்ட்ல வெளுத்திருந்தாங்க. அப்புறம் ஆறு வாரம் பிரமாதமா ஆடுனாங்க. அந்த ஆறு வாரத்தை மட்டும் பாத்து தான் நம்பர் 1 ஓட்டு விழுந்துச்சு. யார் திரும்பி வர்றாங்கன்னு எண்ணாதீங்க, யார் போறாங்க, அவர் என்ன வேலை பண்ணிட்டிருந்தாருன்னு பாருங்க. பணத்தைத் தொடாதீங்க.

ஹூபர்ட்டை அந்த வருஷம் ஏன் தூக்கல?

மேல இருக்கு.

அந்த மோசமான சீசன்ல இருந்து ஒரு மேட்ச் திரும்ப பாக்கணும்னா எது?

மேடிசன் ஸ்கொயர் கார்டன், டிசம்பர் 17, ஓஹையோ ஸ்டேட். ரெண்டு பாயிண்ட் பின்னாடி, நேரம் முடியப் போகுது, சைட்ல இருந்து தூக்கிப் போட்ட பந்தை நான்ஸ் முதுகு காட்டி புடிச்சு, அப்படியே திரும்பி எறிஞ்சாரு, பஸ்ஸர் அடிக்குது, உள்ள. ஓவர்டைம்ல 89-84. நான்ஸை திட்டுறவங்க எல்லாரும் அதை ஒரு தடவை பாருங்க, அதுக்கப்புறம் வர்ஜீனியா மேட்சையும் பாருங்க.