ஓடும் உடம்புக்கு நன்றி

அன்புள்ள ஐயா,

எனக்கு 48 வயது. கோவையில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறேன். சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு ரேஸ்கோர்ஸில் நடக்க ஆரம்பித்தேன். நடை ஓட்டமாகி, இந்த ஜனவரியில் சென்னையில் முழு மாரத்தான் முடித்தேன். அதே மாதம் என் பள்ளித் தோழனுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. பீடி, சிகரெட், குடி எதுவும் தொடாதவன். இப்போது என் பதக்கத்தைப் பார்த்தாலே கூச்சமாக இருக்கிறது. நல்ல உடம்புக்கு நன்றி சொல்வது அவனைப் புண்படுத்துவதாகாதா?
எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர் குணமாகி வர வேண்டும். முதலில் அதுதான்.

ஓடுகிறவர்கள் கூடும் இடத்தில் "உழைத்தேன், கிடைத்தது" என்று ஒரு பேச்சு உண்டு. பாதி சரி. சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைக்க நடையும் ஓட்டமும் உதவும். ஆனால் அந்தப் பேச்சை இன்னும் கொஞ்சம் இழுத்தால், நோய் வந்தவர் ஏதோ தப்பு செய்தவர் என்று வந்து நிற்கும். உங்கள் கூச்சம் அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். உடம்பில் நம் கையில் இருப்பது ஒரு பங்கு. மிச்சம் நமக்கு வாய்த்தது. அந்த மிச்சத்துக்குச் சொல்லும் நன்றி யாரையும் புண்படுத்தாது.

42.195 கிலோமீட்டரில் முப்பதைத் தாண்டியதும் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். தசையிலும் ஈரலிலும் சேர்ந்திருந்த கிளைக்கோஜன், அதாவது உடம்பு சேமித்து வைத்த சர்க்கரை, தீர்ந்துபோகிற இடம் அது. சென்னையில் ஜனவரியாக இருந்தாலும் வெயில் ஏறிவிட்டால் கடற்காற்றின் ஈரத்தில் வியர்வை காயாது. அங்கே உங்களை நகர்த்தியது உங்கள் உறுதி மட்டும்தானா? விடியும் முன்பே மேசை போட்டுத் தண்ணீர் நீட்டிய பிள்ளைகள், வண்டிகளை நிறுத்திவைத்த காவலர்கள், உங்கள் பயிற்சிக்காக மாதக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுக்கொடுத்த வீட்டார் எல்லோரும் அந்தத் தூரத்தில் இருக்கிறார்கள். இருபது வயதில் இதெல்லாம் கண்ணில் படாது. நடுவயது ஓட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்ததே இதுதான்.

பௌஜா சிங்கை நினைத்துக்கொள்கிறேன். மனைவியும் மகனும் போன துயரத்தில், எண்பதைக் கடந்த பிறகு ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டவர். 2000இல் லண்டனில் முதல் மாரத்தான் ஓடியபோது அவருக்கு 89 வயது. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்குப் பணம் திரட்டுவதற்காக ஓடினார். உங்கள் ஊர் கோவை மாரத்தானும் கோயம்புத்தூர் கேன்சர் ஃபவுண்டேஷனுக்காக நடப்பதுதானே. அடுத்த முறை நண்பரிடம் சொல்லிவிட்டு அதில் ஓடுங்கள். அதற்கு முன் இதயப் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். சர்க்கரை எல்லையில் இருந்தவர் இதைத் தள்ளிப்போடக் கூடாது. முழங்கால் வலித்தால் நிறுத்திவிடுங்கள். கிடைத்த உடம்பை மதிப்பதும் நன்றிதான்.

அப்புறம், நண்பரிடம் பதக்கத்தை மறைக்காதீர்கள். அவர் கேட்டால் ஓட்டத்தை முழுக்கச் சொல்லுங்கள், கால் பிடித்துக்கொண்டது வரைக்கும். சாப்பாட்டு யோசனை, மூலிகை வீடியோ எதுவும் அனுப்ப வேண்டாம். அவருக்கு அவை ஏற்கெனவே நிறைய வந்திருக்கும். கீமோவுக்குப் போகும் நாளில் காரை ஓட்டவும் கூட உட்கார்ந்திருக்கவும் ஆள் வேண்டியிருக்கும். அவர் மனைவியிடம் பேசி, எந்தெந்த நாள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.