குழாய், அணுஉலை, நிரல்: பொறியியல் மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஐயா, குழாயில் ஏற்படும் அழுத்த இழப்பைக் கணக்கிட சி மொழியில் நிரல் எழுதினேன். ஓட்டம் சீரானதா கொந்தளிப்பானதா என்று காட்டும் ரெனால்ட்ஸ் எண்ணை 2000 என்று கொடுத்தால் இழப்பு பூச்சியம் என்று வருகிறது. சூத்திரம் தவறா?

பதில்: சூத்திரம் சரிதான். சீரோட்டத்தில், அதாவது நீர் கலங்காமல் அடுக்கடுக்காக ஓடும்போது, 64-ஐ ரெனால்ட்ஸ் எண்ணால் வகுத்தால் இழப்பைக் கணக்கிட உதவும் உராய்வுக் காரணி கிடைக்கும், இங்கே 0.032 வர வேண்டும். இரண்டையும் முழு எண்களாக எழுதியிருப்பீர்கள். அப்படி எழுதினால் சி மொழி தசமப் பகுதியை வெட்டிவிட்டு 0 என்று தரும். 64 என்பதை 64.0 ஆக்குங்கள், போதும். விடை இவ்வளவு இருக்கும் என்று காகிதத்தில் ஒரு முறை போட்டுப் பார்த்தவருக்குத்தான் திரையில் வரும் பூச்சியம் உறுத்தும். உங்களுக்கு உறுத்தியிருக்கிறது, நல்லது.

கேள்வி: வேதிப் பொறியியல் படிக்கும் என் தோழியின் பாடநூலில் 64 இருக்க வேண்டிய இடத்தில் 16 இருக்கிறதே?

பதில்: அது ஃபேனிங் உராய்வுக் காரணி. மேலே சொன்னது டார்சி காரணி, அதைப் போல நான்கு மடங்கு. ஒன்றை எடுத்து மற்றதன் சூத்திரத்தில் இட்டால் விடையும் நான்கு மடங்கு பிசகும்.

கேள்வி: அணுஉலையை நிறுத்திய பிறகும் குளிர்விப்பது ஏன்?

பதில்: பிளவு நின்றாலும், பிளவில் பிறந்த தனிமங்களின் கதிரியக்கச் சிதைவு நிற்பதில்லை. நிறுத்திய உடனே அந்த வெப்பம் முழுத் திறனில் ஏறத்தாழ 6 விழுக்காடு இருக்கும்; ஒரு நாள் கழித்து அரை விழுக்காட்டை ஒட்டி வரும். கூடங்குளத்தின் ஓர் உலை 1000 மெகாவாட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 3000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்குகிறது என்பதால், நிறுத்தியதும் 180 மெகாவாட், மறுநாளும் 15 மெகாவாட் வெப்பத்தை வெளியேற்றியே ஆகவேண்டும். 2011-இல் ஃபுகுஷிமாவில் நிலநடுக்கம் வந்ததும், இயங்கிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் தாமாகவே நின்றன. சுனாமி அவசர ஜெனரேட்டர்களை மூழ்கடித்து, நீரோட்டம் தடைப்பட்ட பிறகுதான் எரிபொருள் உருகியது. அணு இயற்பியல் தன் வேலையை முடித்த இடத்தில் திரவம், வாயு ஆகியவற்றின் ஓட்டத்தை ஆராயும் பாய்மவியலின் வேலை தொடங்குகிறது. இதனால்தான் பாய்மவியலில் தடுமாறுபவர்கள் அணுசக்தியை விருப்பப் பாடமாக எடுக்க அவசரப்பட வேண்டாம் என்று சொல்வேன்.

கேள்வி: கல்பாக்கம் வேக ஈனுலையைக் குளிர்விக்கும் திரவச் சோடியத்துக்கும் நீருக்கான வெப்பக் கடத்தல் சூத்திரமே பொருந்துமா?

பதில்: பொருந்தாது. நீருக்காக நீங்கள் படித்த டிட்டஸ்-போல்ட்டர் சூத்திரம் பிராண்டல் எண் (உந்தம் பரவும் வேகத்துக்கும் வெப்பம் பரவும் வேகத்துக்கும் உள்ள விகிதம்) ஏறத்தாழ 0.7-க்கு மேல் இருக்கும் பாய்மங்களுக்கானது. உலையின் வெப்பநிலையில் சோடியத்தின் பிராண்டல் எண்ணோ 0.01-ஐக் கூடத் தொடாது. உருகிய உலோகம் என்பதால் கொந்தளிப்பு கலக்காமலேயே வெப்பம் அதனூடே விரைந்து பரவுகிறது. திரவ உலோகங்களுக்கென்று தனிச் சூத்திரங்கள் உள்ளன. உங்கள் நிரலில் பிராண்டல் எண்ணைச் சரிபார்க்கும் ஒரு வரியை முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.