பட்டறை பதில்கள்: எக்ஸ்ரே மிஷின் நம்மூர்ல பண்ணலாமுங்களா?

போன மாசம் மோட்டர் இன்சுலேஷன் பத்தி எழுதறப்போ, நான் பல வருசம் எக்ஸ்ரே மிஷின் அசெம்பிள் பண்ணுன ஆளுன்னு வாய் தவறி சொல்லிட்டேன், அதோட வெனை, இந்த மாசம் வந்ததுல பாதிக்கு மேல அதைப் பத்தின கேள்விதான். சரி, ஒட்டுக்கா பதில் சொல்லிடறேன்.

கேள்வி: சின்னவேடம்பட்டியில வைண்டிங் பட்டறை வெச்சிருக்கேனுங்க. ஷீட் மெட்டல், பவுடர் கோட்டிங் எல்லாம் பக்கத்துலயே ஆளு இருக்கு. ரிப்பேருக்கு வந்த ஒரு எக்ஸ்ரே மிஷினை பிரிச்சுப் பாத்தேன், உள்ள ஒண்ணும் பெருசா இல்ல, ஒரு டிரான்ஸ்பார்மர், ரெண்டு கார்டு, ஒரு டியூப். நாமளே பண்ணிரலாமுங்களா?

பண்ணலாம் தம்பி. ஆனா "ஒண்ணும் பெருசா இல்ல"ன்னு சொன்னீங்க பாருங்க, நானும் அங்கதான் வழுக்கி விழுந்தேன்.

டேபிளு, நெஞ்சுப் படம் எடுக்க நிக்க வெக்கற செஸ்ட் ஸ்டாண்டு, எக்ஸ்ரே வர்ற டியூபைத் தாங்கற தூணு, அதுக்கு உள்ள ஓடற கவுண்டர் வெயிட்டு, ரோப்பு, பேரிங்கு, இதெல்லாம் கோயமுத்தூர்க்காரனுக்கு ஒரு மாச சோலி. பவுண்டரி இருக்கு, லேத் இருக்கு, பெயிண்ட் பூத் இருக்கு. கண்ட்ரோல் பக்கமும் இப்ப எல்லாம் இன்வெர்ட்டர்தான், கரண்டை டிசி ஆக்கி, அதை பல ஆயிரம் சைக்கிளுக்கு வெட்டி, பெரைட் கோர் டிரான்ஸ்பார்மர்ல ஏத்தி அனுப்பறது. அந்தக் காலத்துல 50 சைக்கிள்லயே ஓடுன டிரான்ஸ்பார்மரை நாலு பேரு சேந்து எறக்கோணும், இப்ப அதை வெக்கற இரும்பு டேங்க் சின்னதாயிருச்சு. சின்னதாச்சுன்னு சந்தோசப்படாதீங்க, டேங்க் சுருங்குனா உள்ள இருக்கற இடைவெளியும் சுருங்கிருச்சுன்னு அர்த்தம். நீங்க கை பழகுனது 415 வோல்ட்டு, இங்க 100 கிலோ வோல்ட்டு (கேவி), அதாவது ஒரு லட்சம். மோட்டர்ல வார்னிஷ் கொஞ்சம் கம்மியாப் போனா ஆறு மாசம் ஓடித்தான் கருகும், இங்க மொத எக்ஸ்போஷர்லயே "டப்"புன்னு ஒரு சத்தம், அத்தோட சரி.

அந்த ஒரு லட்சம் வோல்ட்டைத் தடுத்து நிறுத்தறது என்னன்னு நெனைக்கறீங்க, எண்ணெய். வெறும் டிரான்ஸ்பார்மர் ஆயில். அதுக்குள்ள ஈரமோ காத்துக் குமிழியோ இருக்கவே கூடாது. டேங்க்குல இருந்து வேக்கம் பம்பை வெச்சு காத்தை இழுத்துட்டு, ஆயிலை சுட வெச்சு, மெதுவா விடோணும். கண்ணாடி வழியா பாத்தீங்கன்னா, மொதல்ல ரசம் நொரை கட்டற மாதிரி பொங்கும், அப்புறம் பெரிய குமிழி, அப்புறம் கடுகு சைசு, அப்புறமேட்டுக்கு ஊசி முனையாட்ட எப்பவாச்சும் ஒண்ணு காயிலோட பேப்பர் மடிப்புக்குள்ள இருந்து எட்டிப் பாத்துட்டு மேல வரும். அந்தக் கடைசி ஊசி முனை நிக்கற வரைக்கும் பம்பை நிறுத்தக் கூடாது. ராத்திரி பூரா ஓடுனாலும் ஓடட்டும்.

நான் ஒரு தடவை நிறுத்திட்டேனுங்க. ஊருல மாரியம்மன் நோம்பி, வூட்ல ஒறம்பரை வந்து உக்காந்திருக்காங்க, டெலிவரியும் மறுநாளு. குமிழி நின்ன மாதிரிதான் தெரிஞ்சுது, சாயந்தரம் அஞ்சு மணிக்கே மூடி போட்டு சீல் பண்ணி தாட்டி விட்டுட்டேன். ஒரு சின்ன ஆஸ்பத்திரியில கொண்டு போய் மாட்டி, கை எக்ஸ்ரே எடுத்தோம், நல்லா வந்துச்சு, கால் எடுத்தோம், நல்லா வந்துச்சு, டாக்டர் டீ எல்லாம் சொல்லி விட்டாரு. டீ வர்றதுக்குள்ள ஒரு தாட்டியான ஆளோட இடுப்புக்கு 85 கேவி வெச்சு அடிச்சேன், டேங்க்குக்குள்ள ஒரே வெடி. தூக்கிட்டு வந்து தொறந்தா, செகண்டரி காயில்ல மயிரிழையாட்டம் ஒரு கருப்புக் கோடு, மரம் கிளை விட்ட மாதிரி. அவ்வளவு பெரிய காயிலும் குப்பைக்கு. நோம்பிக்கு நான் போட்ட விருந்தை விட அந்தக் காயில் செலவு ஜாஸ்தி.

மிஷின் ஓடுதுங்கறதோட வேலை முடிஞ்சிறாது, அது சொன்னதைத்தான் செய்யுதுன்னு அளந்து காட்டோணும். கதிர் எங்க விழும்னு காட்ட மிஷின் அடிக்கற லைட் விழுற எடத்துல தான் எக்ஸ்ரேயும் விழுதான்னு பாக்க ஒரு பழைய வழி இருக்கு, லைட் சதுரத்தோட நாலு ஓரத்துலயும் உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணுன்னு எட்டு ஒத்தை ரூவா காசை ஒட்டி வெச்சு ஒரு ஷாட் அடிங்க. படத்துல உள்ள இருந்த நாலு காசு மட்டும் வெள்ளையாத் தெரியோணும். ஒரு மீட்டர் தூரத்துல ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல தள்ளிப் போனா அது பெயிலு. அப்புறம் லீக்கேஜு. கதிரோட அகலத்தைக் கட்டுப்படுத்தற காலிமேட்டர் கதவை இறுக்கி மூடிட்டு, புல் கேவியில அடிச்சு, டியூபை சுத்தி ஒரு மீட்டர்ல அளக்கோணும், ஒரு மணி நேரத்துக்கு 1 மில்லிகிரேக்கு மேல வரக் கூடாது. டியூப் சட்டைக்குள்ள ஈயத் தகடு ஒட்டுற எடத்துல ஒரு சந்து விட்டுப் போனாலும் மீட்டர் காட்டிக் குடுத்துரும்.

இனி பேப்பர். மோட்டருக்கு சிட்டார்க் டெஸ்டிங் லேபுக்குப் போய் ரிப்போர்ட் வாங்கற மாதிரி ஒரு நாள்ல முடியற ஜோலி இல்லீங்க இது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், ஏஇஆர்பின்னு சொல்லுவாங்க, 1983-ல ஆரம்பிச்சது, அவங்க டைப் அப்ரூவல் குடுத்தாத்தான் உங்க மாடலை விக்கவே முடியும். எல்லாம் ஈலோரான்னு ஒரு ஆன்லைன் போர்ட்டல்ல. இந்தப் பக்கம் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, சிடிஎஸ்சிஓ. 2021 ஏப்ரல்ல இருந்து எக்ஸ்ரே மிஷினும் மெடிக்கல் டிவைஸ் விதிக்குள்ள வந்துருச்சு, கிளாஸ் சி, அதனால சென்னையில முடியாது, டெல்லி லைசென்சு. எம்டி-7 பாரத்தைப் போட்டு எம்டி-9 லைசென்சு வாங்கோணும், அதுக்கு முன்னாடி சாம்பிள் பண்றதுக்கே எம்டி-13 டெஸ்ட் லைசென்சு வேணும். தரக் கட்டுப்பாடு பைலு இல்லாம இதுல ஒண்ணும் நகராது. ஒவ்வொரு டேங்க்குக்கும் எந்த ஆயில், எத்தனை மணி நேரம் வேக்கம், யாரு கையெழுத்துன்னு நோட்டுல இருக்கோணும். அந்த நோட்டு என்கிட்ட மொதல்லயே இருந்திருந்தா சாயந்தரம் அஞ்சு மணிக்கு மூடி போட்டிருக்க மாட்டேன்.

என் ரோசனை, எடுத்த ஒடனே முழு மிஷினுக்குப் போகாதீங்க. ரெண்டு வருசம் ஸ்டாண்டும் டேபிளும் பண்ணி மிஷின் கம்பெனிகளுக்குக் குடுங்க, அதுல ரேடியேஷன் ஜோலி இல்ல. கூடவே ஒருத்தரு கிட்ட சர்வீஸ் கத்துக்குங்க. கெட்டுப் போன பத்து டேங்க்கைத் தொறந்து பாத்தவன் பண்ற பதினொண்ணாவது டேங்க் நிக்கும்.

கேள்வி: அப்ப டியூபையும் இங்கயே பண்ணிரலாமே, ஏன் வெளிநாட்டுல இருந்து வாங்கறாங்க? (பீளமேடு வாசகர்)

இந்தியாவுலயும் பண்றாங்க. பெங்களூர்ல பாரத் எலக்ட்ரானிக்ஸும் (பெல்) ஜிஇயும் கூட்டா ஆரம்பிச்ச கம்பெனி இருக்கு. ஆனா பட்டறை அளவுல முடியாது. ஏன்னு கேட்டா, அது நம்ம இண்டக்ஷன் மோட்டரேதான், அதுதான் வேடிக்கை. ஸ்டேட்டர் வெளிய, நடுவுல கண்ணாடி, கண்ணாடிக்கு உள்ள வேக்கத்துல ரோட்டர், ரோட்டர் தலையில டங்ஸ்டன் தட்டு, நிமிசத்துக்கு 3000 சுத்து, பெரிய டியூப்ல 9000 வரைக்கும். குடுக்கற கரண்டுல நூத்துல ஒரு பங்கு கூட எக்ஸ்ரே ஆகாது, மிச்சம் பூராம் சூடு, அந்த சூடு ஒரு மில்லிமீட்டர் புள்ளியில விழுது, தட்டு சுத்தலைன்னா அங்கயே உருகிரும். இப்ப சொல்லுங்க, வேக்கத்துக்குள்ள, தட்டு பழுக்கற சூட்டுல ஓடற பேரிங்குக்கு என்ன கிரீஸ் போடுவீங்க? கிரீஸ் போட்டா ஆவியாகி வேக்கமே போயிரும். அதனால பேரிங் குண்டுக்கு வெள்ளிப் பூச்சு குடுக்கறாங்க. வெளிய இருக்கற ஸ்டேட்டர் கருகுனா நானே நம்மூர் ஆளை வெச்சு ரீவைண்டிங் பண்ணியிருக்கேன், அதோட நம்ம எல்லை முடிஞ்சுது.

கேள்வி: எங்க வூட்டுச் செவுத்தை ஒட்டி எக்ஸ்ரே சென்டர் வந்திருக்குங்க. மக முழுகாம இருக்கா, பொறந்த வூட்டுக்குக் கூட்டிட்டு வர பயமா இருக்கு. (கோபி, ஒரு அம்மா)

கூட்டிட்டு வாங்க அம்மணி. எக்ஸ்ரே மிஷின் டியூப் லைட்டு மாதிரிதான், சுவிட்சை அமுக்குற அந்தக் கண்ணு சிமிட்டற நேரந்தான் கதிர் வரும், கையை எடுத்தா இரும்புப் பெட்டி, ரூமுக்குள்ள ஒண்ணும் தங்கி நிக்காது. நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துக்கற ஆளுக்கே ஒடம்புல சேர்ற கதிர் 0.1 மில்லிசீவர்ட்டு அல்லது அதுக்கும் கம்மி, மண்ணுல இருந்தும் வானத்துல இருந்தும் சும்மா இருக்கற மனுசனுக்கு உலக சராசரியா வருசத்துக்கு 2.4 வருது. ஆனா ஒண்ணு மட்டும் போய்ப் பாருங்க, செஸ்ட் ஸ்டாண்டு உங்க செவுத்துப் பக்கம் இருக்கான்னு. இருந்தா கதிர் நேரா அங்கதான் விழும், அது பதினாலு இஞ்சு செவுரா இருக்கோணும், மத்த பக்கம் ஒம்பது இஞ்சு போதும், கதவுல 1.7 மில்லி ஈயத் தகடு. ஏஇஆர்பி லைசென்சும், ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா எடுக்கற கியூஏ (தரச் சோதனை) ரிப்போர்ட்டும் கேளுங்க. நேர்மையா நடத்தறவங்க மூஞ்சியக் காட்டாம எடுத்துக் காட்டுவாங்க.

கேள்வி: காங்கேயம் காளைக்கு எக்ஸ்ரே எடுக்க முடியுங்களா?

காலுக்கு எடுக்கலாம், கையில தூக்கிட்டுப் போற போர்ட்டபிளே போதும். நெஞ்சுக்கு அது பத்தாது, அவ்வளவு கறியைத் தாண்டி வர்றதுக்கு பெரிய மிஷின் வேணும். மாட்டைப் புடிக்கற ஆளு ஈய ஏப்ரன் போடோணும், பிலிம் பக்கத்துல கையைக் கொண்டு போகக் கூடாது. பிலிம் கேசட்டை கயித்துல கட்டித் தொங்க விடுங்க. மாடு ஒதைச்சா கேசட்டோட போச்சு.

கேள்வி: எக்ஸ்ரேன்னு ஏன் பேரு?

என்னன்னு தெரியாததுக்கு கணக்குல எக்ஸ்னு போடுவமில்ல, அதேதான். 1895 நவம்பர் 8-ம் தேதி ஜெர்மனியில ரான்ட்ஜன் கண்டுபிடிச்சாரு, பேடண்டு கூட வாங்கலை. நம்மூர்ல பம்பு கேசிங்ல ஒரு ரிப் மாத்துனாலே பக்கத்துப் பட்டறைக்காரனைத் திண்ணையில ஏத்த மாட்டோம்.

கேள்வி: பழைய இரும்பு யாவாரமுங்க, அரசூர் பக்கம் பவுண்டரிகளுக்கு ஸ்கிராப் போடறேன். ஒரு பழைய எக்ஸ்ரே மிஷின் எடை கணக்குல வந்திருக்கு. ஒடைச்சா கதிர் அடிக்குமா?

அடிக்காது. கரண்டு இல்லாத எக்ஸ்ரே மிஷின்ல கதிரே கெடையாது. ஆனா வித்தவரு ஏஇஆர்பிக்குத் தகவல் குடுத்து, மிஷினை கணக்குல இருந்து எடுத்துட்டாரான்னு ஒரு பேப்பர் வாங்கிக்குங்க.

நீங்க பயப்பட வேண்டியது வேற ஒண்ணுக்கு. பவுண்டரியில காஸ்டிங்குக்குள்ள ஓட்டை இருக்கான்னு பாக்கறதுக்கு ராத்திரியில சங்கு ஊதிட்டு, கயிறு கட்டி, கேமரான்னு ஒண்ணைத் தொறப்பாங்க பாத்திருப்பீங்க. அதுக்குள்ள இருக்கறது இரிடியம்-192, சுவிட்சே கெடையாது, சும்மா வெச்சாலும் கதிர் வந்துட்டேதான் இருக்கும், 74 நாள்ல பாதியாகும். கோபால்ட்-60 இன்னும் மோசம், பாதியாக அஞ்சே கால் வருசம். 2010-ல டெல்லி மாயாபுரி ஸ்கிராப் மார்க்கெட்டுல ஏலத்துல வந்த ஒரு பழைய லேப் மிஷின்ல கோபால்ட் இருந்தது தெரியாம ஒடைச்சு, ஒரு ஆளு செத்தே போனாரு. அதுக்கு முன்னாடி 2008-ல நம்ம நாட்டு இரும்புல பண்ணுன லிப்ட் பட்டன் பிரான்ஸு வரைக்கும் போய், கோபால்ட் கலந்திருக்குதுன்னு திரும்பி வந்துச்சு, எங்கயோ ஒரு உலையில ஸ்கிராப்போட ஸ்கிராப்பா அதுவும் விழுந்திருக்கு. அதனால சைசுக்குச் சம்பந்தமே இல்லாம கனக்கற குண்டான் எதாச்சும் வந்து, அதுல மஞ்சள்ல மூணு இதழ் விசிறி மாதிரி படம் இருந்தா, கட்டரை கீழ வெச்சுட்டு ஆளுகளை அக்கட்ட அனுப்பிட்டு போலீசுக்குப் போன் பண்ணிருங்க.

உங்க மிஷினுக்கு வருவோம். தள்ளு வண்டி டைப்பா இருந்தா உள்ள பெரிய கெப்பாசிட்டர் இருக்கும், பிளக் புடுங்கி ரொம்ப நாள் ஆனாலும் அதை நம்பாதீங்க, தெரிஞ்ச எலக்ட்ரீசியனை வெச்சு ஷார்ட் பண்ணிட்டு அப்புறம் கையை வைங்க. டியூப் கண்ணாடியை சாக்குல சுத்தி ஒடைங்க, உள்ள வேக்கம், சில்லு தெறிக்கும். ஹவுசிங்ல இருக்கற ஈயத்தைத் தனியா உரிங்க. ஆயிலை சாக்கடையில ஊத்தாதீங்க. டியூபுக்குள்ள ஒரு வட்டத் தட்டு இருக்குமில்ல, அது டங்ஸ்டனும் மாலிப்டினமும், அதை இரும்பு வெலைக்குப் போட்டுறாதீங்க.