நுவரெலியாவில் தண்ணீர் 100 பாகைக்கு முன்னமே கொதிப்பதற்கும், காஸ் சிலிண்டருக்குள் குளிரே இல்லாமல் திரவம் நிற்பதற்கும் ஒரே காரணமா?

ஓம், ஒரே காரணம்தான். நான் கொழும்பில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்கும் பிள்ளைக்கு அவத்தை மாற்றத்தில், அதாவது திண்மம், திரவம், வாயு என்று ஒரு பொருள் மாறுவதில், பாதி ஏற்கெனவே விளங்கிவிட்டது என்பேன்.

"தண்ணீரின் கொதிநிலை 100 பாகை" என்று சின்ன வகுப்பிலேயே பாடமாக்கிவிடுகிறோம். அது அரை வசனம். கடல் மட்டத்து வளியமுக்கத்தில் 100 பாகை என்பதுதான் முழு வசனம்.

திரவத்தின் மூலக்கூறுகள் எந்நேரமும் வெளியே பாயப் பார்க்கின்றன. அந்தத் தள்ளுகையைத்தான் ஆவியமுக்கம் என்கிறோம். சூடு ஏற ஏற அது வேகமாகக் கூடும். வெளியமுக்கம் மேலே இருந்து அதை அமர்த்திக்கொண்டிருக்கும். இரண்டும் சமமாகும்போது திரவத்தின் நடுவிலேயே குமிழி எழும்பும், அதுதான் கொதிப்பு. வெள்ளவத்தைக் கடற்கரையில் அதற்கு 100 பாகை வேண்டும். நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம். அங்கே வளியமுக்கம் இங்குள்ளதில் ஐந்தில் நாலு பங்குதான், 94 பாகையிலேயே கொதித்துவிடும். அதன்பிறகு எவ்வளவு நெருப்பு வைத்தாலும் தண்ணீர் வற்றுமே தவிரச் சூடு ஏறாது. கடலை அவிய அங்கே நேரமெடுப்பது அதனால்தான். பிரஷர் குக்கர் உள்ளே அமுக்கத்தைச் சுமார் இரண்டு மடங்காக்கி, தண்ணீரை 120 பாகைவரை கொண்டுபோகிறது.

கண்ணால் பார்க்க விருப்பமென்றால் பாமசியில் ஊசியில்லாத 20 மில்லிலீற்றர் சிரிஞ்ச் ஒன்று வாங்குங்கள். 70 பாகை அளவில் சுடுதண்ணீரைக் கால்வாசி இழுத்து, காற்றை வெளியேற்றி, நுனியை இறுக்கி அடைத்துவிட்டுத் தண்டைப் பின்னுக்கு இழுங்கள். அடுப்பே இல்லாமல் தண்ணீர் குமுகுமுவென்று கொதிக்கும். கையை விட்டால் அடங்கிவிடும். எத்தனை வருஷமாகக் காட்டுகிறேன், அந்த நேரம் பின்வாங்குப் பிள்ளைகளும் முன்னுக்கு எழும்பி வந்துவிடுவார்கள்.

இனி சிலிண்டர். அதற்குள் இருக்கும் சமையல் காஸ் புரொப்பேனும் பியூட்டேனும்தான். சாதாரண வளியமுக்கத்தில் புரொப்பேன் மறை 42 பாகையிலும், பியூட்டேன் பூச்சியத்துக்குச் சற்றுக் கீழேயும் கொதிக்கும். அப்படியானால் கொழும்பின் 30 பாகையில் இரண்டும் வாயுவாகத்தானே இருக்கவேண்டும்? மூடிய உருக்குக்குள் கொஞ்சம் ஆவியாகும், அந்த ஆவியே மிச்சத்தை அமர்த்திப் பிடிக்கும். 30 பாகையில் பியூட்டேனுக்கு 3 பாருக்குச் (ஒரு பார் என்பது ஏறத்தாழக் கடல் மட்டத்து வளியமுக்கம்) சற்றுக் குறைவும், புரொப்பேனுக்கு ஏறத்தாழ 11 பாரும் போதும். அடுப்பைத் திறந்ததும் அமுக்கம் கொஞ்சம் இறங்க, உள்ளே திரவம் கொதிக்கத் தொடங்குகிறது.

மாமி வீட்டு விசேஷம் ஒன்றில் பெரிய அடுப்பில் சோறு வைத்திருந்தோம். பாதியில் மாமி கூப்பிட்டார்: "தம்பி, காஸ் முடிஞ்சுது போல, நெருப்பு இறங்கிட்டுது." போய்ப் பார்த்தால் சிலிண்டரின் கீழ்ப்பாதி முழுக்க வியர்த்து, தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மேல்பாதி காய்ந்தபடி. அந்த வியர்வைக் கோடுதான் திரவத்தின் மட்டம்! காஸ் அரைவாசி இருந்தது. ஒரு கிலோ ஆவியாக ஏறத்தாழ 350 கிலோயூல் மறைவெப்பம் வேண்டும், அது திரவத்திலிருந்தும் சுவரிலிருந்தும்தான் போகிறது. பெரிய அடுப்பு இழுத்த வேகத்துக்கு வெளிக்காற்று சூடு கொடுக்க முடியவில்லை. திரவம் குளிர்ந்தது, ஆவியமுக்கம் விழுந்தது, நெருப்பும் இறங்கியது. மற்ற சிலிண்டரைப் பூட்டிவிட்டு இதை ஆறவிட்டோம். பின்னேரம் தேத்தண்ணி போட்டது இதிலேதான்.

இப்படியான நேரத்தில் சிலர் சிலிண்டரைக் கொதிதண்ணீருக்குள் வைக்கிறார்கள், நெருப்புக்குக் கிட்டவும் தள்ளுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். 60 பாகையில் புரொப்பேனின் அமுக்கம் 21 பாராகிவிடும், 30 பாகையில் இருந்ததைப்போல் இரண்டு மடங்கு.

எந்த வாயுவையும் அமுக்கினால் திரவமாகுமா என்றால், இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் அவதி வெப்பநிலை உண்டு, அதற்கு மேலே எவ்வளவு அமுக்கினாலும் திரவமாகாது. புரொப்பேனுக்கு அது 97 பாகை, அதனால் நமக்கு வசதி. இயற்கை வாயுவில் பெரும்பங்கான மெதேனுக்கு மறை 83 பாகை. இயற்கை வாயுவைத் திரவமாக்கிக் கப்பலில் ஏற்ற மறை 162 பாகைவரை குளிர்விப்பது இதனால்தான்.

காபனீரொட்சைட்டுக்கு அது 31 பாகை. பெல்ஃபாஸ்டில் தோமஸ் அன்ட்ரூஸ் என்ற இரசாயனவியலாளர் 1869இல் இதை விளக்கினார். எங்கள் வகுப்பு நடக்கும் கட்டடத்தின் மாடிப்படியில் அந்த வாயு நிரப்பிய தீயணைப்புக் கருவி ஒன்று தொங்குகிறது. கொழும்பு வெயிலில் அது 31 பாகையைத் தாண்டும் மத்தியானங்களில், அதற்குள் இருப்பதைத் திரவம் என்றும் சொல்ல முடியாது, வாயு என்றும் சொல்ல முடியாது.