எழுத்துப் பட்டறை: வாசகர் கேள்வி – பதில்

சிறுகதையின் முதல் வரியிலேயே ஒரு கொலை வைத்தேன். படித்த நண்பர்கள் இரண்டாம் பக்கத்தோடு நிறுத்திவிட்டார்கள். இதைவிடப் பெரிதாக என்ன வைப்பது?
– வாசகர், தேனி

பெரிதாக எதுவும் வேண்டாம். செத்தவர் யார், அதனால் யாருக்கு என்ன போயிற்று என்று தெரியாதவரை அந்தக் கொலை வெறும் பேப்பர் செய்திதான். வாசகரைப் பிடித்து உட்கார வைப்பது சம்பவம் அல்ல. ஒன்றை விரும்பி, அது கைகூடாமல் தவிக்கும் ஆள்.

புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' தொடக்கத்தை எடுத்துப் பாருங்கள். பிராட்வே சந்திப்பில் நின்று பிள்ளை கணக்குப் போடுகிறார். டிராமில் போனால் காலணா மிஞ்சும், வெற்றிலை போட்டுக்கொண்டு நடந்துவிடலாம். பஸ்ஸில் ஏறி, சென்ட்ரல் தாண்டும்வரை கண்டக்டரை ஏமாற்றிவிட்டு டிக்கெட் வாங்கினால் அரைக் கப் காபி கிடைக்கும், ஆனால் வெற்றிலை கிடையாது. இவ்வளவுதான் நடக்கிறது. ஆனால் அவருடைய வருமானம், ஆசை, நாணயம், சாமர்த்தியம் எல்லாமே அந்தக் காலணாவுக்குள் வந்துவிடுகின்றன. பிறகு கடவுளே எதிரில் வந்து நின்றாலும், அவரிடம் தம் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கேட்கிறார் பிள்ளை. நமக்கு அது துளியும் பொய்யாகப் படுவதில்லை. காலணாவுக்கு அவ்வளவு யோசித்தவர் சந்தாவை விடுவாரா?

உங்கள் கதையின் முதல் 150 சொற்களை மட்டும் தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். யார், எங்கே, என்ன வேண்டும், எது தடை என்ற நான்கையும் அடிக்கோடிடுங்கள். இரண்டு கிடைக்கவில்லை என்றால் தொடக்கம் இன்னும் அமையவில்லை. முதல் இரண்டு பத்திகளை அடித்துவிட்டு மூன்றாவதிலிருந்து படித்துப் பாருங்கள். பெரும்பாலான கைப்பிரதிகளில் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது. முன்னால் இருப்பது எழுதுபவர் தமக்காகச் செய்துகொண்ட ஒத்திகை.

என் நாவல் ஒரு கூட்டுக்குடும்பத்தைப் பற்றியது. முதல் அத்தியாயத்தில் எட்டுப் பேரையும் அறிமுகப்படுத்தியாக வேண்டுமே?
– வாசகி, நாகர்கோவில்

வேண்டியதில்லை. எட்டுப் பெயர்களை அடுக்கினால் வாசகருக்கு இரண்டுகூட நிற்காது. 1950-ல் கல்கி இதழில் தொடங்கிய 'பொன்னியின் செல்வ'னில் பாத்திரங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் முதல் அத்தியாயம் ஆடிப்பெருக்கன்று வீராணம் ஏரிக்கரையில் குதிரையில் வரும் வந்தியத்தேவன் ஒருவனைத்தான் பின்தொடர்கிறது. குந்தவை நேரில் வரப் பல அத்தியாயங்கள் ஆகின்றன. தலைப்புக்குரிய அருள்மொழிவர்மரை வந்தியத்தேவன் சந்திப்பதோ இரண்டாம் பாகத்தில்!

அவனுக்கு இடப்பட்ட கட்டளையையும் கவனியுங்கள்: வழியில் வலிய வந்த சண்டையில்கூட இறங்கக் கூடாது. துடுக்கும் வாள்வீச்சும் கொண்ட வாலிபனுக்கு இதைவிடக் கடினமான கட்டளை ஏது? இனி அவன் யாரைப் பார்த்தாலும் 'கையை அடக்குவானா, மாட்டானா' என்று நாமும் கூடவே போகிறோம்.

உங்கள் எட்டுப் பேரில் அன்றைய தினம் யாருக்குச் சிக்கலோ அவரோடு தொடங்குங்கள். மற்றவர்கள் அவர் வழியில் குறுக்கிடும்போது வரட்டும். 'ராமு, சோமு, ரகு' என ஒரே சாயலில் பெயர் வைப்பதையும் தவிர்த்துவிடுங்கள்.

மழையில் தொடங்கலாமா?
– வாசகர், திருச்சி

மழையால் யாருக்காவது ஏதாவது கெட்டுப்போகிறது என்றால் தாராளமாக.

என் நாயகன் கோழையாக இருந்து துணிந்தவனாகிறான். 'திடீரென்று மாறிவிட்டான்' என்கிறார்கள். எங்கே தவறு?
– வாசகர், கோவை

நடுப்படி இல்லாததுதான் காரணமாக இருக்கும். ஒரே வகைச் சூழலை மூன்று முறை அவன் முன் வையுங்கள். கூட்டுறவுச் சங்க எழுத்தர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். செயலாளர் நீட்டும் கடன் பத்திரத்தில் முதல் முறை படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார். இரண்டாம் முறையும் போடுகிறார். ஆனால் படித்துவிட்டு, ஒரு ஜெராக்ஸ் எடுத்துச் சாப்பாட்டுப் பைக்குள் மடித்து வைத்துக்கொள்கிறார். மூன்றாம் முறை பேனாவை மூடிவிடுகிறார். அந்த ஜெராக்ஸ்தான் மாற்றத்தை நம்ப வைக்கிறது: பயம் போகவில்லை, பயத்தோடே ஒன்றைச் செய்துவிட்டார். 'அவன் மனதில் ஏதோ உடைந்தது' என்று நீங்கள் அங்கே எழுதினால் எல்லாம் வீணாகிவிடும்.

துணிச்சலுக்கு ஒரு விலையும் இருக்க வேண்டும். பேனாவை மூடியவருக்கு மறுநாள் பாராட்டு விழா நடந்தால் யார் நம்புவார்கள்? மகளின் பள்ளிக்கூடம் நடுவில் நிற்க, தொலைதூரக் கிளைக்கு மாற்றல் வரட்டும்.

இவையெல்லாம் நாவலுக்கு. நான்கு பக்கச் சிறுகதையில் மூன்று படிக்கும் இடமிருக்காது; ஆள் மாற வேண்டிய கட்டாயமும் இல்லை. கந்தசாமிப் பிள்ளை கடைசிவரை கந்தசாமிப் பிள்ளையாகவே இருக்கிறார். நமக்கு அவரை மேலும் மேலும் தெரிகிறது, அது போதும். உங்கள் கதை எத்தனை பக்கம் என்று எழுதவில்லையே. பத்துக்குள் என்றால், மாற்றத்தை விட்டுவிட்டு ஜெராக்ஸ் எடுக்கும் இடத்திலேயே முடித்துப் பாருங்கள்.